மூன்று சீல் தின்ற ஃபீட் பம்ப்: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை பாய்லரில் பார்த்த வேலை

ஒரே மாம்பழ சீசனில், பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஒரே ஃபீட் பம்ப்பில் மூன்று மெக்கானிக்கல் சீல் (சுழலும் ஷாஃப்ட் ஓரமாகத் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் பாகம்). சீசன் தொடங்கி 19ஆம் நாள் முதல் சீல் ஒழுகியது. அடுத்தது 11 நாள். மூன்றாவது ஆறே நாள். நான்காவது சீலை வாங்குவதற்கு முன் பம்ப்பை அடி வரை கழற்றுவது, அதற்கு முன்னும் பின்னும் ஓடும் குழாயையும் விடாமல் பார்ப்பது என்று முடிவானது. அந்த வேலையின் குறிப்பு இது.

பாய்லர் மணிக்கு 3 டன் நீராவி, சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ அழுத்தம், விறகு அடுப்பு. (10.54 என்பது பழைய 150 பவுண்டு கணக்கின் மிச்சம். பவுண்டு போய்விட்டது, எண் மட்டும் தகட்டில் நிற்கிறது.) ஃபீட் பம்ப் நின்ற வாக்கில் இருக்கும் மல்டிஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது): 26 ஸ்டேஜ், மணிக்கு 5 கன மீட்டர், 145 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்), 4 கிலோவாட் மோட்டார், 2900 சுற்று. இதே மாதிரி இன்னொன்று பக்கத்தில் ஸ்டான்ட்பை. ஃபீட் டேங்க் 2000 லிட்டர், மேல்மூடி திறந்த இரும்புத் தொட்டி.

10.54 கிலோ பாய்லருக்கு 145 மீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 90 டிகிரி தண்ணீரின் அடர்த்தி 965 கிலோதான். அந்தத் தண்ணீரில் 10.54 கிலோவை எட்டவே 109 மீட்டர் வேண்டும். பாய்லரின் உயரம், என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு), ஃபீட் செக் வால்வு, குழாய் உராய்வு எல்லாம் சேர்ந்தால் 125ஐத் தொடும். மிச்சம் தேய்மானத்துக்கு. அந்த மிச்சத்தைத் தின்று முடித்த பிறகுதான் பம்ப் வாயைத் திறந்து புகார் சொல்லும்.

கழற்றும் முன் எடுத்த அளவுகள்

இந்த வேலையில் நேரத்தை மிச்சம் பிடித்தது ஸ்பானரைத் தொடும் முன் எடுத்த அளவுகள். இரண்டு சோதனை, ஒன்று சூடாக்காத பச்சைத் தண்ணீரில், ஒன்று சூட்டில். பச்சைத் தண்ணீரில் பம்ப்பின் தேய்மானம் தெரியும். சூட்டில் மட்டும் வரும் கோளாறு, பம்ப் தண்ணீரை இழுக்கும் பக்கமான சக்‌ஷனில் இருக்கும். இரண்டையும் கலந்து பார்த்தால் எது எதனால் என்று பிரிக்க முடியாது.

பச்சைத் தண்ணீர் சோதனை: டிஸ்சார்ஜ் வால்வை முழுதாக மூடி 15 நொடி மட்டும் ஓட்டி கேஜைப் பார்த்தால் 14.8 கிலோ. கம்பெனி வரைபடப்படி 177 மீட்டர், அதாவது 17.7 கிலோ வர வேண்டும். அடுத்து டிஸ்சார்ஜ் கேஜ் 12 கிலோவில் நிற்கும்படி வால்வைப் பிடித்து, தண்ணீரை 200 லிட்டர் பேரலில் விட்டு நேரம் பார்த்ததில் நிரம்ப 3 நிமிடம் 32 நொடி. புதுப் பம்ப் இதை 1 நிமிடம் 54 நொடியில் நிரப்பும். போக வேண்டிய தண்ணீரில் ஏறக்குறைய பாதி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

சூட்டில்: டேங்க் 82 டிகிரியில் இருந்தபோது சத்தம் இல்லை, மோட்டார் 5.2 ஆம்பியர், முள் ஆடவில்லை. 93ஐத் தொட்டதும் ஆம்பியர் 3.8க்கும் 5க்கும் இடையில் ஊசலாடியது. டிஸ்சார்ஜ் கேஜ் முள் 9க்கும் 12க்கும் நடுவே துடித்தது. அடிப்பக்கம் கல் அரைபடும் சத்தம். ஆபரேட்டரின் வாக்கில், "காலைல நல்லாத்தான்ணா ஓடுது, பதினோரு மணிக்கு மேலதான் மாவு மில்லு ஆயிருது." இந்த ஒரு வரி கேஜைவிடத் துல்லியம். பதினோரு மணிக்கு என்ன மாறுகிறது? எல்லா லைனும் முழு வேகத்துக்கு வந்து கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து ஆன சுடுதண்ணீர்) ஃபீட் டேங்குக்குத் திரும்பத் தொடங்குகிறது.

பம்ப்பைப் பிரிக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து ஃப்யூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சக்‌ஷன், டிஸ்சார்ஜ் இரண்டு வால்வும் மூட வேண்டும். அதன்பின் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று மட்டும் திறந்து நிற்க வேண்டும். ஒழுகல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் டிஸ்சார்ஜ் வால்வு பிடிக்கவில்லை, பாய்லர் பக்கம் திறந்திருக்கிறது என்று பொருள். 10 கிலோவில் பாய்லர் தண்ணீர் 183 டிகிரி. வெளிக்காற்றைக் கண்டதும் அதில் ஆறில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகிவிடும். ஸ்டான்ட்பை பம்ப் இருக்கிறது என்ற தைரியத்தில் பாய்லர் ஓடும்போதே பிரிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. இங்கே வால்வு பிடிக்கவில்லை. அடுப்பை இழுத்து, அழுத்தத்தை இறக்கி, மறுநாள் காலையில்தான் பிரித்தது.

டப்பாவில் இருந்த மூன்று சீல்

கழற்றிய பழைய சீல்களைத் தூக்கிப் போடாமல் பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார் ஃபிட்டர். பாதி விடை அந்த டப்பாவிலேயே இருந்தது. மூன்றும் ஒரே காரணத்தால் போகவில்லை.

முதல் சீலில் ரப்பர் நன்றாக இருந்தது. கார்பன் வளையத்தின் உள்விளிம்பு மட்டும் எலி கடித்த மாதிரி சிறு சிறு சில்லாகப் பெயர்ந்திருந்தது. முகத்தில் வட்டக் கீறல் இல்லை. இரண்டு முகங்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீர்ப் படலம் ஆவியாக வெடித்து, முகம் பிரிந்து பிரிந்து ஒட்டியதன் தடம் இது. மணல் புகுந்திருந்தால் வட்டக் கோடுகள் இருக்கும். நின்ற வாக்கிலான பம்ப்பில் சீல் இருப்பது உச்சியில். உள்ளே வரும் காற்றும் ஆவியும் கடைசியில் அங்கேதான் வந்து தங்கும்.

இரண்டாவது சீலில் கார்பன் நன்றாக இருந்தது, ஓ-ரிங் போயிருந்தது. மேலே கொப்பளம், ஓரம் நகத்தால் சுரண்டினால் பொடிகிறது. கடைக்காரர் கொடுத்தது விட்டான் என்ற வகை ரப்பர். "இது 200 டிகிரி தாங்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். எண்ணெயில் தாங்கும், அது உண்மைதான். சுடுதண்ணீரும் நீராவியும் வேறு கணக்கு. சாதாரண விட்டான் 90 டிகிரிக்கு மேல் சுடுநீரில் வேதியியல் ரீதியாகவே சிதையும். ஃபீட் பம்ப்புக்கு ஈ.பி.டி.எம். ரப்பர்தான் சரி. இரண்டும் கறுப்பாகவே கிடைப்பதால் கண்ணால் பிரிக்க முடியாது. ஒரு தம்ளர் தண்ணீரில் உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்து இரண்டையும் போட்டால், விட்டான் கல் மாதிரி அடிக்குப் போகும், ஈ.பி.டி.எம். மிதக்கும் அல்லது தயங்கித் தயங்கி இறங்கும். எரித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். விட்டான் எரிந்தால் வரும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு புகை நுரையீரலுக்கு ஆகாது.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். ரப்பர் சரியான ஈ.பி.டி.எம்.; ஷாஃப்ட்டில் சுலபமாக ஏறட்டும் என்று சாதாரண பேரிங் கிரீஸ் தடவி மாட்டியிருக்கிறார்கள். ஈ.பி.டி.எம்.முக்குப் பெட்ரோலிய எண்ணெய் விஷம். ஓ-ரிங் ஊறிப்போய் ஷாஃப்ட்டை இறுகப் பிடித்துவிட்டது. ஸ்ப்ரிங் தள்ளினாலும் சீல் முகம் நகராது. நகராத சீல் ஒழுகத்தானே செய்யும்? சோப்புத் தண்ணீர், கிளிசரின், சிலிக்கான் கிரீஸ், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு எல்லா ஆலையிலும் இருக்கும்.

ஆக இரண்டாவதும் மூன்றாவதும் மாட்டிய கையின் தவறு. முதலாவதுக்கான காரணம் பம்ப்புக்கு வெளியே எங்கோ இருக்கிறது.

அடுக்கைப் பிரித்தபோது

மோட்டாரைத் தூக்கி, அதைப் பம்ப் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, நான்கு ஸ்டே போல்ட்டையும் கழற்றினால் தலை, வெளிச்சட்டை, நடுவில் அடுக்கு. அடுக்கை உருவும்போது ஒவ்வொரு சேம்பரிலும் எலக்ட்ரோ மார்க்கரால் கீழிருந்து 1, 2, 3 என்று எண் போட்டு, பழைய ப்ளைவுட் பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். நடுநடுவே பேரிங் வைத்த சேம்பர் வரும். அது எத்தனையாவது இடம் என்பதைத் தனியாக எழுதி வைக்காவிட்டால் திரும்ப அடுக்கும்போது நிச்சயம் தப்பும். இம்பெல்லர்களையும் ஸ்பேசர்களையும் கட்டுக்கம்பியில் கோத்து வைப்பது நல்லது. 26 இம்பெல்லரும் ஒரே அச்சில் வந்தவைதான் என்றாலும் தேய்ந்த விதம் ஒவ்வொன்றிலும் வேறு. அந்த வித்தியாசம்தான் தேவைப்படும் தகவல்.

அடியிலிருந்த முதல் மூன்று இம்பெல்லரின் நுழைவாயில் இறக்கை ஓரங்களில் ஊசியால் குத்தின மாதிரி குழிகள். முதல் இம்பெல்லரில் அதிகம், மூன்றாவதில் கொஞ்சம், நான்கிலிருந்து சுத்தம். தண்ணீர் முதலில் நுழையும் இடத்தில் அழுத்தம் ஆகக் குறைவு. அங்கே ஆவிக் குமிழி உண்டாகி அடுத்த அடியிலேயே உடைந்தால் இப்படித்தான் உலோகத்தைக் கொத்தும். துருவோ அமிலமோ என்றால் 26 ஸ்டேஜிலும் பரவியிருக்கும்.

மேல் பாதியில் வேறு கதை. தண்ணீரை அடுத்த இம்பெல்லருக்குத் திருப்பும் கைடு வேன்களில் வெள்ளைப் படிவு, அரை மில்லி கனம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினம். சாஃப்ட்னர் (கடினத்தன்மையை எடுக்கும் ரெசின் தொட்டி) சரியாக ரீஜெனரேஷன் (உப்புக் கரைசலால் ரெசினைப் புதுப்பித்தல்) ஆகாத நாட்களில் கடினத்தன்மை அப்படியே உள்ளே வந்திருக்கிறது. (இந்தப் பக்கத்தில் தண்ணீர் என்றதும் ஃப்ளோரைடு பேச்சுதான் முதலில் வரும். அது பல்லுக்கும் எலும்புக்குமான பிரச்சினை. பாய்லருக்கு எதிரி கால்சியமும் மெக்னீசியமும் சிலிக்காவும். சாஃப்ட்னர் ஃப்ளோரைடையும் எடுக்காது, சிலிக்காவையும் எடுக்காது.)

படிவை எடுக்க 60 டிகிரி வெந்நீரில் 5 சதவீத சிட்ரிக் அமிலம். 20 லிட்டர் வாளிக்கு ஒரு கிலோ, இரண்டு மணி நேரம் ஊறல், இடையில் பிரஷ். பிறகு சோடா உப்புக் கரைசலில் முக்கி, நல்ல தண்ணீரில் கழுவல். கழிவறை ஆசிட்டை ஊற்றினால் ஐந்தே நிமிடத்தில் பளபளக்கும் என்பது உண்மை. அது ஹைட்ரோகுளோரிக். அதிலுள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கண்ணுக்குத் தெரியாத குழி போட்டுவிடும். பளபளப்பு ஒரு மாதம், பொத்தல் அடுத்த சீசன்.

இம்பெல்லர் கழுத்தைச் சுற்றித் தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் கழுத்து வளையங்கள் 26ம் மாற்றல். புது வளையத்தில் இம்பெல்லர் கழுத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசிச் சுழலும். பழையதில் ஆட்டினால் கடகடவென்று ஆடியது. 14.8 கிலோவுக்கு இறங்கியதன் காரணம் இந்த இடைவெளிதான். கீழ் மூன்று இம்பெல்லர், அடி பேரிங், நடு பேரிங் இரண்டு, ஓ-ரிங் செட், சீல் கார்ட்ரிட்ஜ் ஆகியவை புதிது. ஷாஃப்ட்டை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றிப் பார்த்ததில் 0.06 மில்லி வளைவு. 0.1ஐத் தாண்டாதவரை வைத்துக்கொள்ளலாம் என்று அதே ஷாஃப்ட்.

ஏற்றும்போது ஸ்டே போல்ட்டுகள் குறுக்குக்குறுக்காக, மூன்று சுற்றாக, கடைசியில் 50 நியூட்டன் மீட்டர். ஒரே பக்கமாக முறுக்கினால் அடுக்கு சாய்ந்து ஷாஃப்ட் இறுகும். கையால் சுற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

கப்ளிங் உயரம்தான் பலர் கோட்டை விடும் இடம். இந்த வகைப் பம்ப்பில் ஷாஃப்ட்டும் இம்பெல்லர் அடுக்கும் கப்ளிங்கில்தான் தொங்குகின்றன. உயரம் குறைந்தால் இம்பெல்லர் அடிச்சேம்பரில் உரசும், கூடினால் மேலே உரசும். கம்பெனி கொடுக்கும் பிளாஸ்டிக் கவை இருந்தால் அதைச் சீலுக்கடியில் செருகி கப்ளிங்கை முறுக்கிவிட்டு எடுத்தால் போதும். இங்கே அந்தக் கவை என்றைக்கோ தொலைந்துவிட்டது. இரண்டு ஸ்க்ரூட்ரைவரால் ஷாஃப்ட்டை நெம்பித் தூக்கியதில் மொத்த ஆட்டம் 3.2 மில்லி. பாதியான 1.6 மில்லிக்கு ஃபீலர் கேஜ் தகடுகளைச் சேர்த்துச் செருகி, கப்ளிங் போல்ட்டுகளை 13 நியூட்டன் மீட்டரில் முறுக்கியது. இரண்டு பாதிக்கும் நடுவிலுள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கடைசியில் கையால் மூன்று சுற்று, எங்கும் தட்டக் கூடாது.

தண்ணீர் வரும் வழி

பம்ப் முடிந்தது. முதல் சீலைக் கொன்ற விஷயம் இன்னும் அப்படியே இருக்கிறது.

கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் 95.5 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். தண்ணீர் இங்கே 98 டிகிரியைத் தாண்டியதுமே கொதிக்கும், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் 97லேயே. சென்னைக்காரர் போட்ட டிசைனை அப்படியே இங்கே நிறுத்தினால் முதலில் அடி வாங்குவது சக்‌ஷன்தான். திறந்த தொட்டியில் 90 டிகிரித் தண்ணீருக்கு, ஆவி அழுத்தம் போகக் காற்றழுத்தத்தில் மிஞ்சுவது 2.7 மீட்டர். 95 டிகிரியில் 1.2 மீட்டர். 97 டிகிரியில் அரை மீட்டர். இதோடு தொட்டி மட்டத்தின் உயரத்தைக் கூட்டி, சக்‌ஷன் குழாய் உராய்வைக் கழித்தால் வருவது பம்ப்பின் வாய்க்குக் கிடைக்கும் என்.பி.எஸ்.எச். (தண்ணீர் ஆவியாகாமல் உள்ளே நுழையக் கையிலிருக்கும் அழுத்தம், மீட்டரில்). இந்தப் பம்ப் 5 கன மீட்டரில் கேட்பது சுமார் ஒன்றரை மீட்டர். மேலே குறைந்தது அரை மீட்டர் பாதுகாப்பு.

இருந்த நிலை: தொட்டியில் தண்ணீர் மட்டம் பம்ப் வாய்க்கு மேல் 1.8 மீட்டர். சக்‌ஷன் ஒன்றரை இஞ்ச் குழாய், நான்கு எல்போ, ஒரு குளோப் வால்வு, ஒரு ஒய்-ஸ்ட்ரெய்னர். கணக்குப் போட்டால் உராய்வு 1.05 மீட்டர், அதில் குளோப் வால்வு ஒன்றே 0.45. 95 டிகிரியில் கையில் நிற்பது 1.9 மீட்டர், அதுவும் ஸ்ட்ரெய்னர் சுத்தமாக இருந்தால். ஸ்ட்ரெய்னரைத் திறந்தபோது வலை முக்கால்வாசி அடைத்திருந்தது. கேழ்வரகைவிடச் சற்றுப் பொடியான, தேன் நிற உருண்டைகள். சாஃப்ட்னர் ரெசின். சாஃப்ட்னரின் அடியில் ரெசினை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் லேட்டரல் குழாயின் கண் உடைந்தால் ரெசின் தண்ணீரோடு கிளம்பிவிடும். விரலில் நசுக்கினால் மணல் நெறுநெறுக்கும், ரெசின் வழுக்கும். ஒருமுறை தொட்டவருக்கு மறக்காது.

டேங்க் ஏன் 95ஐத் தாண்டுகிறது? ப்ரீஹீட்டர், எவாப்பரேட்டர், ஸ்டெரிலைசர் என்று ஒன்பது ஸ்டீம் ட்ராப் (நீராவியை நிறுத்தி கண்டன்சேட்டை மட்டும் வெளியே விடுபவை). ஒவ்வொன்றிலும் நீண்ட ஸ்க்ரூட்ரைவரை வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டதில், நான்கில் நிற்காத 'சர்ர்' சத்தம். நல்ல டிடி (தெர்மோடைனமிக், டிஸ்க் வகை) ட்ராப் 'டக்' என்று மூடி, சில நொடி அமைதியாக இருந்து மறுபடி திறக்கும். மிச்சம் ஐந்தில் இரண்டின் பைபாஸ் வால்வே திறந்து கிடந்தது. காலையில் சீக்கிரம் சூடாகட்டும் என்று திறப்பது, மூட மறப்பது. உயிர் நீராவி நேராக ஃபீட் டேங்குக்கு வருகிறது. மேலே வெள்ளைப் புகை கிளம்புவதைப் பார்த்து, "கண்டன்சேட் நல்லா வருது" என்று எல்லோருக்கும் திருப்தி வேறு.

பச்சைத் தண்ணீரை விட்டு டேங்கைக் குளிரவைப்பதுதான் இதற்கு வழக்கமாகச் செய்யும் வைத்தியம். பம்ப் சத்தம் நிற்கும். ஆனால் ஃபீட் தண்ணீர் 6 டிகிரி இறங்கினால் விறகு சுமார் 1 சதவீதம் கூடும். 95லிருந்து 60க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 6 சதவீதம். குளிர்ந்த தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் அதிகம், அது பாய்லர் ட்யூபில் குழி போடும். பம்ப்பைக் காப்பாற்றப் பாய்லரைக் கொடுப்பது என்ன கணக்கு?

செய்தது: நான்கு ட்ராப்பில் டிஸ்க்கும் சீட்டும் மாற்றல், பைபாஸ் வால்வுகளின் கைப்பிடியைக் கழற்றி ஃபோர்மேனிடம் கொடுத்தல். சக்‌ஷன் குழாய் 2 இஞ்ச் ஆனது, குளோப் போய் பால் வால்வு, நான்கு எல்போ இரண்டாகக் குறைந்தது. உராய்வு 0.15 மீட்டருக்கு இறங்கியது. பம்ப் வாய்க்கு அருகே எக்சென்ட்ரிக் ரெட்யூசர் (ஒரு பக்கம் தட்டையான குழாய் குறுக்கி), தட்டைப் பக்கம் மேலே பார்த்து. திருப்பி வைத்தால் மேல் மூலையில் காற்றுப் பை தங்கும். தொட்டியை சேனல் ஸ்டாண்ட் போட்டு ஒரு மீட்டர் உயர்த்தியது. தொட்டிக்குள் சக்‌ஷன் வாயின் மேல் நான்கு இஞ்ச் குறுக்குத் தகடு, சுழல் விழாமலிருக்க. இப்போது அதே 95 டிகிரியில் கையில் நிற்பது 3.8 மீட்டர்.

பாய்லர் பக்கம்

என்.ஆர்.வி.யைத் திறந்தால் தகடு உட்காரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு, தண்ணீர் அறுத்தது. பம்ப் நின்றதும் பாய்லர் தண்ணீர் அதன் வழியே திரும்பி வந்திருக்கிறது. இதைத் திறக்காமலேயே கண்டுபிடிக்கலாம். பம்ப் நின்று பத்து நிமிடத்துக்குப் பிறகு பம்ப் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுரீரென்று ஆவியாகும், பெயிண்ட் பழுப்பாகியிருக்கும். ஸ்டான்ட்பை பம்ப்பின் என்.ஆர்.வி.யும் இப்படித்தான். ஓடும் பம்ப்பின் தண்ணீரில் ஒரு பங்கு அதன் வழியே தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கப்ளிங் கார்டு வழியே எட்டிப் பார்த்தால் ஸ்டான்ட்பை மெதுவாக எதிர்ச்சுற்று சுற்றுவது தெரிந்தது. அந்த நிலையில் ஸ்டான்ட்பையை ஆன் செய்தால் கப்ளிங்கோ ஷாஃப்ட்டோ முறியலாம்.

இரண்டையும் கிரைண்டிங் பேஸ்ட்டால் முதலில் முரடு, பிறகு மென்மை என்று எட்டு வடிவத்தில் தேய்த்து, நீல மை தடவிப் பார்த்து, வளையம் முழுவதும் மை ஒட்டும் வரை விடவில்லை. ஒன்று சரியானது. மற்றதில் கோடு ஆழம், புது வால்வே வந்தது. டிஸ்சார்ஜ் பக்கம் எதை மாற்றினாலும் ஐ.பி.ஆர். (இந்தியக் கொதிகலன் விதிமுறை) சான்றுள்ள வால்வும் குழாயும்தான். பாய்லருக்கு நேராகத் தண்ணீர் கொண்டுபோகும் அழுத்தக் குழாய் கொதிகலன் சட்டத்தின் கீழ் வருகிறது. ஊர் வெல்டரை வைத்து சக்‌ஷனில் செய்தது போல இங்கே செய்ய முடியாது.

மூன்றாவது குற்றவாளி ஒரு பழக்கம். மோப்ரே (பாய்லரின் நீர்மட்டத்தைப் பார்த்து பம்ப்பை ஓட்டி நிறுத்தும் கருவி) பம்ப்பை ஆன் செய்யும்போது தண்ணீர் மொத்தமாகப் பாய்ந்து பாய்லர் அழுத்தம் அரை கிலோ விழுகிறது, ஸ்டெரிலைசரில் வெப்பம் இறங்கி கூழ் மறுசுற்றுக்குத் திரும்புகிறது. அதைத் தவிர்க்க ஆபரேட்டர் ஃபீட் செக் வால்வை இறுக்கிப் பிடித்து, பம்ப் நிற்காமல் ஓடும்படி வைத்துக்கொள்கிறார். அவர் செய்ததில் நியாயம் இருக்கிறது. சிரமப்படுவது பம்ப். வால்வு ஏறக்குறைய மூடிய நிலையில் ஒன்றரை கிலோவாட் உள்ளேயே சூடாக மாறுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஐந்து லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 4 டிகிரி ஏறும்.

அதற்காக, வால்வு இறுகியிருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் தொட்டிக்கே திரும்பி ஓட ஒரு நிரந்தர பைபாஸ். பம்ப் தலையிலேயே உள்ள அரை இஞ்ச் பிளக்கைக் கழற்றி அங்கிருந்து எடுத்ததால் ஃபீட் குழாயில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. லைனில் 6 மில்லி கனமான ஸ்டெயின்லெஸ் தகட்டில் 3 மில்லி துளை. 14 கிலோ அழுத்தத்தில் இதன் வழியே மணிக்கு சுமார் 0.85 கன மீட்டர் போகும். பாய்லருக்கு முழு லோடில் வேண்டியது 3 கன மீட்டரை ஒட்டி. பம்ப் 5 தரும், ஆகவே இந்த அளவை விட்டுக்கொடுக்கலாம். துளையை 5 மில்லியாக்கினால் 2.4 கன மீட்டர் வீணாகும், பாய்லருக்குப் பற்றாது. பைபாஸ் முனை தொட்டியில் நீர்மட்டத்துக்குக் கீழே, சக்‌ஷன் வாய்க்கு எதிர்க்கோடியில். இந்த லைனில் வால்வு வைக்கவில்லை. வைத்தால் யாராவது ஒருநாள் மூடுவார்கள்.

சர்க்கரை ஆலை கோஜென் (நீராவியோடு மின்சாரமும் எடுக்கும் நிலையம்), வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகங்களின் சொந்த நீராவி மின் நிலையம் போன்ற இடங்களில் 45 கிலோ, 65 கிலோ பாய்லர்களுக்குப் படுத்த வாக்கிலான ரிங் செக்‌ஷன் பம்ப்தான். அங்கே இந்த நிரந்தரத் துளைக்குப் பதில், ஓட்டம் குறைந்தால் தானே திறக்கும் ரீசர்குலேஷன் வால்வு இருக்கும். கூடவே பேலன்ஸ் டிஸ்க் ஒன்று. எல்லா இம்பெல்லரும் ஒரே திசையைப் பார்ப்பதால் ஷாஃப்ட்டை இழுக்கும் விசையை அதுதான் தாங்குகிறது. டிஸ்க்கைக் கடந்து கசியும் தண்ணீரை எடுத்துச் செல்லும் லீக்-ஆஃப் லைனில் உள்ள வால்வை மூடினால் டிஸ்க் உரசிச் சில நிமிடத்தில் பம்ப் பிடித்துவிடும். வால்வு இருந்தால் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பார்கள்.

ஓட்டிப் பார்த்தது

தண்ணீர் நிரப்பும்போது தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூ வழியே குமிழியில்லாமல் ஒரே இழையாக வரும் வரை காத்திருக்க வேண்டும். இங்கே நான்கு நிமிடம் ஆனது. அவசரத்தில் பாதியில் மூடினால் புது சீல் காற்றில் ஓடி, ஒரு நிமிடத்துக்குள் கருகும். மோட்டார் சுற்றும் திசையைக் கப்ளிங்கைக் கோப்பதற்கு முன்பே பார்த்தாயிற்று. எதிர்ச்சுற்றிலும் இந்தப் பம்ப் ஓரளவு தண்ணீர் தரும், அதனால் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.

பச்சைத் தண்ணீரில் மூடிய வால்வு அழுத்தம், பைபாஸ் முனையில் தற்காலிகமாக பிளக் போட்டு, 17.4 கிலோ. பேரல் 1 நிமிடம் 58 நொடி. பிளக்கை எடுத்துவிட்டு, டேங்க் 94 டிகிரியில் முழு லோடில்: 5.7 ஆம்பியர், முள் அசையவில்லை, அடிப்பக்கம் கை வைத்தால் ஒரே சீரான அதிர்வு. ட்ராப்புகள் சரியான பிறகு டேங்க் 88ஐத் தாண்டுவதே அபூர்வம். 94க்குக் கொண்டுபோக வேண்டுமென்றே ஒரு ட்ராப்பின் பைபாஸைத் திறக்க வேண்டியிருந்தது.

பெங்களூரா மாங்காய் வரத்து முடியும் வரை, 52 நாள், அதே சீல் சொட்டவில்லை. ஸ்ட்ரெய்னரை வாரம் ஒருமுறை திறந்து கழுவச் சொல்லியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டி ரெசின் வந்துகொண்டே இருந்தது. சாஃப்ட்னரைக் காலி செய்து லேட்டரலை மாற்றுவது சீசன் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. ரெசினையும் அப்போதே சலித்து, குறைந்ததை நிரப்ப வேண்டும்.